காலிபரில் 41 சேமித்த தேடல்கள் இருந்தும் அடுத்த புத்தகம் கிடைக்கவில்லை. நீங்கள் எப்படி வடிவமைக்கிறீர்கள்?

இரவுவாசகர் எழுதியது:

வணக்கம். மின்னூல்களை ஒழுங்குபடுத்தும் காலிபர் மென்பொருளில் என் நூலகம் இருக்கிறது. அதில் இப்போது 2,100 புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. சேர்க்கச் சேர்க்க டேக்குகளும் (நூலின் மேல் ஒட்டும் குறிச்சொற்கள்) சேமித்த தேடல்களும் (பெயரிட்டு வைத்துச் சொடுக்கும் தேடல் வரிகள்) கூடவே பெருகிவிட்டன. நேற்று எண்ணிப் பார்த்தேன், 41 தேடல்கள். ‘நல்ல நாவல்கள்’, ‘பயணத்தில் படிக்க’, ‘அடுத்து’, ‘கனமானவை’, ‘சின்னவை’ என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் அவசியமாகத் தோன்றி உருவாக்கியவை. ஆனால் இரவில் படிக்க உட்கார்ந்தால் இரண்டு மூன்றைத்தான் சொடுக்குகிறேன். மற்றவை காட்டும் பட்டியல் சரிதானா என்றே சந்தேகம். ‘அடுத்து’ தேடலில் போன வருடமே முடித்த புத்தகங்கள் இன்னும் நிற்கின்றன.

கூடவே ஒரு சின்னச் சிக்கல். படிக்காத கவிதையும் சிறுகதையும் மட்டும் வரவேண்டும் என்று இப்படி எழுதினேன்:

டேக்ஸ்:கவிதை ஆர் டேக்ஸ்:சிறுகதை அண்ட் டேக்ஸ்:படிக்கவில்லை

படித்து முடித்த கவிதை நூல்களும் வருகின்றன. (வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று தேடல் வரிகளையும் நெடுவரிசைப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். பெட்டியில் இடுவது ஆங்கிலத்தில்தான்.)

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

அடிக்கோடு எழுதியது:

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். காலிபர் ‘நாட்’டை முதலில் பார்க்கும், அடுத்து ‘அண்ட்’, கடைசியில் ‘ஆர்’. ஆகவே உங்கள் வரியை அது ‘எல்லாக் கவிதையும், அதோடு படிக்காத சிறுகதையும்’ என்று புரிந்துகொள்கிறது. அடைப்புக்குறி இடுங்கள்:

(டேக்ஸ்:"=கவிதை" ஆர் டேக்ஸ்:"=சிறுகதை") அண்ட் டேக்ஸ்:"=படிக்கவில்லை"

சமக்குறி ஏன் என்பதற்கு அப்புறம் யாராவது வருவார்கள்.

இப்போது பெரிய விஷயம். நீங்கள் எழுதிய பெயர்களைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ‘அடுத்து’, ‘பயணத்தில் படிக்க’, ‘படிக்கவில்லை’ எல்லாமே நீங்கள் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளையே டேக்காகப் புத்தகத்தின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். முடிவு மாறும்போது டேக்கை உரிக்க யாரும் வருவதில்லை. ‘படிக்கவில்லை’ என்ற டேக்கைப் புத்தகம் முடித்த இரவில் எடுக்க நினைவிருக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் தேடல் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

நான் பல வருடம் இப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: புத்தகத்தின் மேல் நடந்ததை மட்டும் பதிவேன், முடிவைத் தேடல் சொல்லட்டும். நடந்தது என்றால் இவை: தொடங்கிய நாள், முடித்த நாள் (இரண்டும் தேதி வகை நெடுவரிசைகள்), நட்சத்திர மதிப்பீடு, பக்க எண்ணிக்கை (கவுண்ட் பேஜஸ் செருகுநிரல் நிரப்பிவிடும்), என்ன வடிவம், எதைப் பற்றியது. அவ்வளவுதான். இவை மாறாது. முடித்த நாளை ஒருமுறை இட்டால் இட்டதுதான்.

அதன்பிறகு ‘படிக்கவில்லை’ என்று ஒரு டேக்கே தேவையில்லை:

#முடித்தநாள்:ஃபால்ஸ் அண்ட் #தொடங்கியநாள்:ஃபால்ஸ்

‘#’ குறியோடு தொடங்குபவை நாமே சேர்த்த நெடுவரிசைகள். இங்கே ‘ஃபால்ஸ்’ என்றால் அந்த நெடுவரிசை வெறுமை என்று பொருள். இந்த வரியை ‘_படிக்காதவை’ என்ற பெயரில் சேமித்தேன். ‘பாதியில்’ என்றால் தொடங்கிய நாள் உண்டு, முடித்த நாள் இல்லை. ‘சின்னவை’ என்றால் #பக்கம்:<150. உங்கள் ‘கனமானவை’யும் பக்கத்தைத்தான் சொல்கிறது என்றால் அதுவும் ஒரு எண்ணாகிவிடும்.

அடுத்தது, ஒரு சேமித்த தேடலுக்குள் இன்னொன்றை அழைக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சர்ச்:"=_படிக்காதவை" அண்ட் #பக்கம்:<150 அண்ட் டேக்ஸ்:"=சிறுகதை"

முன்னால் கீழ்க்கோடு உள்ளவை செங்கற்கள். அவற்றை நேராகச் சொடுக்க மாட்டேன், மற்றத் தேடல்கள் அவற்றின் மேல் நிற்கும். படிக்காதது என்பதன் பொருளை நாளைக்கு மாற்ற நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். உங்கள் 41-இல் ‘டேக்ஸ்:படிக்கவில்லை’ எத்தனை வரிகளில் இருக்கிறது என்று பாருங்கள். அத்தனையையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒன்று ஒன்றைச் சுற்றிச் சுற்றி அழைக்கும்படி மட்டும் கட்டிவிடாதீர்கள். காலிபர் பிழை காட்டி நின்றுவிடும்.

ஓலைநறுக்கு எழுதியது:

அடிக்கோடு சொன்னதில் முக்கால் பங்கு ஒப்புக்கொள்கிறேன். கால் பங்கில் உடன்பாடில்லை.

‘அடுத்து’ என்பதைத் தேடலால் கண்டுபிடிக்க முடியாது. படிக்காத புத்தகம், 150 பக்கத்துக்குள், சிறுகதை என்று வடிகட்டினால் எனக்கு 60 புத்தகங்கள் வரும். அந்த 60-இல் இன்று எதை எடுப்பது என்பது என் மனத்தில் இருப்பது. ஒரு நண்பர் சொன்னார், ஒரு கட்டுரையில் பார்த்தேன், போன மாதம் படித்த நூல் இதைத் தொட்டுச் சென்றது. இந்த ஆசை எந்த நெடுவரிசையிலும் இல்லை. கையால் குறித்தால்தான் உண்டு.

‘முடிவைப் பதியாதே’ என்று முழுதாகச் சொன்னால், நூலகம் சரக்குக் கணக்காகிவிடும். நான் ‘அடுத்து’ டேக்கை வைத்திருக்கிறேன், ஐந்து புத்தகத்துக்கு மேல் போகவிடுவதில்லை.

மற்றபடி முகம் முகமாகப் பிரிப்பது நல்ல வழி. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அடிப்படையே அதுதான். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, நடுவே முக்காற்புள்ளி இட்டுச் சேர்த்து எழுதுவார்கள். நம் தேடல் வரியிலும் அதே புள்ளி இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். வடிவம் ஒரு முகம், பொருள் ஒரு முகம், மொழி ஒரு முகம். எல்லாவற்றையும் டேக்குக்குள் கொட்டாமல் தனித்தனி நெடுவரிசை வைத்தால் தேடல் வரி பாதியாகக் குறையும்.

அடிக்கோடு எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். ஆசை என்பதும் நடந்த ஒன்றுதான், அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் அது பழசாகும். என் பழைய ‘அடுத்து’ பட்டியலில் இருந்தவற்றில் பாதி, ஏன் சேர்த்தேன் என்றே நினைவில்லாதவை. டேக்குக்குத் தேதி கிடையாது, அதுதான் குறை.

அப்படியானால் அதையும் தேதியாகவே வைத்தால் என்ன? ‘#விரும்பியநாள்’ என்று ஒரு நெடுவரிசை. ஒரு நூலைப் படிக்கத் தோன்றினால் இன்றைய தேதியை இடுவது. தேடல் இப்படி:

சர்ச்:"=_படிக்காதவை" அண்ட் #விரும்பியநாள்:>60டேஸ்அகோ

60 நாளுக்குள் தொடாவிட்டால் தானாகப் பட்டியலிலிருந்து போய்விடும். புத்தகம் எங்கும் போகவில்லை, ஆசையின் தவணை மட்டும் முடிந்தது. மறுபடி தோன்றினால் மறுபடி தேதி. படித்து முடித்தாலும் ‘_படிக்காதவை’ வழியாகத் தானே விலகிவிடும். இரண்டு பக்கமும் யாரும் எதையும் உரிக்க வேண்டாம்.

இப்போதுதான் எழுதும்போது தோன்றியது. இன்றே செய்து பார்க்கப்போகிறேன்.

ஓலைநறுக்கு எழுதியது:

இது என் ஐந்து புத்தக வரம்பைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு 60 நாள் அதிகம், 30 போதும்.

கடைசிப்பக்கம் எழுதியது:

அந்தச் சமக்குறிக்கு நான் வருகிறேன், ஏனென்றால் தமிழில் டேக் வைப்பவர்களுக்கு இது கூடுதலாக வலிக்கும்.

சமக்குறி இல்லாமல் ‘டேக்ஸ்:வரலாறு’ என்று தேடினால் அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் பிடிக்கும். ‘தன்வரலாறு’ வரும், ‘இலக்கிய வரலாறு’ வரும். இரண்டுமே நீங்கள் கேட்காதவை. ஆனால் ‘வரலாற்று நாவல்’ வராது! அடுத்த சொல்லோடு சேரும்போது ‘வரலாறு’ ‘வரலாற்று’ ஆகிவிடுகிறதே. ‘கதை’ என்று தேடினால் சிறுகதையும் தொடர்கதையும் கதைப்பாடலும் சேர்ந்து வரும். ‘நாடு’ என்றால் ‘நாட்டுப்புறவியல்’ வராது. ஆக, வேண்டாதது வருகிறது, வேண்டியது நழுவுகிறது. இரண்டும் ஒரே தேடலில்.

நான் செய்தது: டேக்குகளை எப்போதும் எழுவாய் வடிவில், ஒரே சொல்லாக வைப்பது. ‘வரலாற்று நாவல்’ என்று ஒரு டேக் கிடையாது. ‘வரலாறு’ ஒன்று, வடிவ நெடுவரிசையில் ‘நாவல்’ ஒன்று. சேமித்த தேடலில் எப்போதும் சமக்குறி. உட்பிரிவு வேண்டுமென்றால் புள்ளி வைத்துப் பிரியுங்கள்: ‘வரலாறு.கடல்வணிகம்’, ‘வரலாறு.கல்வெட்டு’. அப்போது டேக்ஸ்:"=.வரலாறு" என்று சமக்குறிக்குப் பின் புள்ளி வைத்தால் வரலாறும் அதன் கீழுள்ள அத்தனையும் வரும், தன்வரலாறு வராது.

இன்னொரு தொல்லை எழுத்துக்குறியீடு. ‘ஔவையார்’ என் ஆசிரியர் பட்டியலில் இரண்டு பேராக இருந்தார். ஒன்றில் ‘ஔ’ என்ற உயிரெழுத்து, இன்னொன்றில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, காலிபருக்கு வெவ்வேறு. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும் ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். சேமித்த தேடலில் ஒன்றை எழுதிவிட்டால் மற்றது வரவே வராது, வரவில்லை என்றும் தெரியாது. டேக் ப்ரௌசரில் (ஆசிரியர், டேக் முதலிய பட்டியல்களைக் காட்டும் பக்கப் பலகை) ஆசிரியர் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்து, ஒரே பெயர் இரண்டாக இருந்தால் சேர்த்துவிடுகிறேன். இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கோப்புகள் தனிக் கதை. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். அதிலிருந்து காலிபர் எடுக்கும் தலைப்பும் அப்படியே குழம்பி வரும். அதற்கென்று ஒரு தேடல் வைத்திருக்கிறேன்: மொழி தமிழ், ஆனால் தலைப்பில் ஆங்கில எழுத்து இருக்கிறது (ரெஜெக்ஸ் என்ற எழுத்து வடிவத் தேடல், ‘~’ குறியோடு). வருபவற்றின் தலைப்பைக் கையால் தட்டச்சு செய்கிறேன். காலிபர் 6-இல், 2022இல், நூலின் உள்ளே தேடும் வசதி வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். அந்தக் கோப்புகளில் மட்டும் அதுவும் உதவவில்லை.

இரவுவாசகர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். தேதி நெடுவரிசைக்கு உடனே போகவில்லை. பழைய புத்தகங்களை எந்த நாளில் முடித்தேன் என்று தெரியாதே. அதனால் ‘படித்தாயிற்று’ என்று ஆம்/இல்லை வகை நெடுவரிசை ஒன்று வைத்தேன். படித்தவற்றுக்கு ஆம். படிக்காதவை என்று உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு இல்லை. அப்புறம்:

#படித்தாயிற்று:ஃபால்ஸ்

‘இல்லை’ என்று குறித்த 90-சொச்சம் புத்தகங்களில் ஒன்றுகூட வரவில்லை. குறிக்காமல் விட்டவை மட்டும் வருகின்றன. எங்கே தவறு?

அடிக்கோடு எழுதியது:

இந்தப் பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஆம்/இல்லை நெடுவரிசைக்கு இயல்பாக மூன்று நிலை: ஆம், இல்லை, வெறுமை. தேடலில் ‘ட்ரூ’ என்றால் ‘ஏதோ ஒன்று குறித்திருக்கிறது’ என்று பொருள், அது ஆமாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம். ‘ஃபால்ஸ்’ என்றால் ‘ஒன்றும் குறிக்கவில்லை’. இல்லை என்று குறித்ததைப் பிடிக்க ‘நோ’ என்று எழுத வேண்டும், ஆம் என்பதற்கு ‘யெஸ்’. பெயரைப் பார்த்தால் எதிர்மாறாகத் தோன்றும், ஆனால் மற்ற எல்லா நெடுவரிசையிலும் ட்ரூ, ஃபால்ஸ் என்பவை நிரம்பியது, வெறுமை என்ற பொருளில்தான் இருக்கின்றன. கவர்:ஃபால்ஸ் என்றால் அட்டை இல்லாதவை, டேக்ஸ்:ஃபால்ஸ் என்றால் டேக்கே இல்லாதவை, அதுபோல.

உங்களுக்கு வேண்டியது:

நாட் #படித்தாயிற்று:யெஸ்

இது ‘இல்லை’யையும் வெறுமையையும் சேர்த்துக் கொண்டுவரும். விருப்பத்தேர்வுகளில் ‘நடத்தை’ப் பகுதியில் மூன்று நிலையை இரண்டாகக் குறைக்கவும் இடம் இருக்கிறது. அதைத் தொட்டால் எல்லா ஆம்/இல்லை நெடுவரிசைக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய புத்தகங்களின் தேதிக்கு என் வழி: நாள் தெரியாத படித்த நூல்களுக்கெல்லாம் 1-1-2000 என்று இட்டுவிட்டேன். அந்தத் தேதியைப் பார்த்தால் ‘படித்தது, எப்போது என்று தெரியாது’ என்று எனக்குப் புரியும். தேதியில் வருடத்தை மட்டும் கொடுத்தும் தேடலாம், #முடித்தநாள்:2024 என்றால் அந்த வருடம் முடித்தவை எல்லாம். 2000 என்று கொடுத்தால் நாள் தெரியாதவை மொத்தமும் ஒரே இடத்தில்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தேடல் எழுதியவுடன் அதன் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். படிக்காதவை, பாதியில், முடித்தவை, இந்த மூன்றின் கூட்டல் நூலகத்தின் மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக வரவேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை, கூடினால் ஒரே புத்தகம் இரண்டு பட்டியலில். உங்கள் வெறுமைச் சிக்கல் இந்தக் கூட்டலில் முதல் நிமிடமே தெரிந்திருக்கும். டேக் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் காலிபர் எச்சரிக்காது, பேசாமல் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் என்றால் ‘வேலை முடிந்தது’ என்றும் இருக்கலாம், ‘வரி தவறு’ என்றும் இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது.

குறிப்பேடு எழுதியது:

பூஜ்யம் பற்றிச் சொன்னதால் என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன்.

‘மறந்தவை’ என்று ஒரு தேடல் வைத்திருந்தேன். நூலகத்துக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் தொடாதவை:

சர்ச்:"=_படிக்காதவை" அண்ட் டேட்:<365டேஸ்அகோ

மாதம் ஒருமுறை அதைத் திறந்து ஒன்றை எடுப்பேன். என் வாசிப்பில் எதிர்பாராத நல்ல நூல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. கணினி மாற்றியபோது, புதிய கணினியில் காலிபரை நிறுவி, புத்தகக் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டுச் சேர்த்தேன். கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ‘டேட்’ என்பது நூல் நூலகத்தில் சேர்ந்த நாள், பதிப்பு நாள் அல்ல. பதிப்பு நாளுக்கு ‘பப்டேட்’. ஆகவே 1,400 புத்தகங்களும் அன்றைக்குச் சேர்ந்தவை ஆகிவிட்டன. சேமித்த தேடல்களும் இல்லை, அவை அந்தந்த நூலகத்தின் தரவுத்தளக் கோப்புக்குள் இருப்பவை. தேடலை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். பூஜ்யம். வரியில்தான் தவறு என்று இரண்டு நாள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, பழைய கணினியைத் துடைக்கவில்லை. நூலகக் கோப்புறையை முழுசாக, உள்ளே இருக்கும் தரவுத்தளத்தோடு நகலெடுத்து வந்து காலிபருக்குக் காட்டினேன். தேதி, நெடுவரிசை, தேடல் எல்லாம் அப்படியே வந்தன. இரண்டு வருடத்துப் பதிவு திரும்பி வந்த அந்த மாலையை மறக்க மாட்டேன். கணினி மாற்றப் போகிறவர்கள் கோப்புறையை முழுசாக நகர்த்துங்கள், தயவுசெய்து.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம். சோதனைக்கென்றே ஒரு போலி நூல் வைத்திருக்கிறேன், தலைப்பு ‘சோதனை’. அட்டை இல்லை, டேக் இல்லை, மொழி இல்லை. இப்படி விவரம் விடுபட்ட நூல்களைப் பிடிக்கும் ‘மெட்டாடேட்டா வேலைகள்’ என்ற தேடல் அதை மட்டும் காட்டினால் வேலை முடிந்தது, தேடலும் உயிரோடு இருக்கிறது. அதுவும் வராவிட்டால் வரி உடைந்திருக்கிறது.

நடுப்பக்கம் எழுதியது:

புதியவன். காலிபரில் இருக்கும் விர்ச்சுவல் லைப்ரரிக்கும் சேமித்த தேடலுக்கும் என்ன வேறுபாடு? இரண்டுமே தேடல் வரிதானே?

கடைசிப்பக்கம் எழுதியது:

வரி ஒன்றேதான், நிற்கும் இடம் வேறு. சேமித்த தேடல் கேள்வி, கேட்டு முடித்ததும் பெட்டியை அழித்துவிடலாம். விர்ச்சுவல் லைப்ரரி சுவர். அதற்குள் போய்விட்டால் வெளியே இருக்கும் புத்தகம் எந்தத் தேடலுக்கும் தெரியாது, டேக் ப்ரௌசரின் எண்ணிக்கைகளும் சுவருக்குள் இருப்பதை மட்டும் எண்ணும். அடிக்கோடு சொன்ன கூட்டல் சோதனையைச் சுவருக்குள் இருந்துகொண்டு செய்துவிட்டு, மொத்தம் குறைகிறதே என்று திகைக்காதீர்கள். நான் இரண்டு சுவர்தான் வைத்திருக்கிறேன்: வேலைக்கான கையேடுகள், மற்றவை.

வீட்டில் மற்றவர்களோடு பகிர்கிறீர்கள் என்றால், காலிபரின் உள்ளடக்கச் சேவையகத்தில் (நூலகத்தை உலாவி வழியே மற்றவர்களுக்குத் திறந்துவிடும் வசதி) ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தேடல் வரியைக் கட்டுப்பாடாக வைக்கலாம். குழந்தைகளின் கணக்கில் குழந்தைகள் நூல் மட்டும் தெரியும்படி நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

குறிப்பேடு எழுதியது:

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஸோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அங்கேயும் சேமித்த தேடல் உண்டு, தானே புதுப்பித்துக்கொள்ளும். ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ அல்லது ‘ஏதாவது ஒன்று’ என்று ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும், அடைப்புக்குறி இல்லை. அங்கே ஒரு தேடலை இன்னொன்றின் நிபந்தனையாக வைத்துத்தான் அதைச் சமாளிக்கிறேன். செங்கல் யோசனை அங்கே இன்னும் அவசியம்.

இரவுவாசகர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தேதி நெடுவரிசைகளுக்கு மாறிவிட்டேன். நாள் தெரியாதவற்றுக்கு 1-1-2000. 41 தேடல்கள் 11 ஆகிவிட்டன, அவற்றில் நான்கு செங்கற்கள். ‘விரும்பியவை’யை 45 நாளுக்கு வைத்திருக்கிறேன். ‘பிடிஎஃப் மட்டும்’ என்று புதிதாக ஒன்று, ஃபார்மட்ஸ்:"=பிடிஎஃப்" அண்ட் நாட் ஃபார்மட்ஸ்:"=ஈபப்". சின்னத் திரையில் படிக்கச் சிரமமானவை முன்பே தெரிந்துவிடுகின்றன. ‘மறந்தவை’யைக் குறிப்பேடு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அதில் வந்த முதல் நூலையே இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடர் நூல்களில் மட்டும் முட்டிக்கொண்டேன். முதல் பாகம் முடித்தவற்றின் இரண்டாம் பாகத்தைக் காட்டு என்று எப்படி எழுதுவது?

கூட்டல் சரியாக வருகிறது. ஆனால் ‘பாதியில்’ பட்டியலில் 23 நூல்கள். அதில் சிலவற்றுக்குத் திரும்பப் போவதில்லை என்று எனக்கே தெரியும். முடித்த நாள் இட்டால் பொய். தொடங்கிய நாளை அழித்தாலும் பொய்.

அடிக்கோடு எழுதியது:

தொடருக்கு நேர்வழி இல்லை. தேடல் ஒவ்வொரு புத்தகத்தையும் தனியாக எடுத்து ‘இது பொருந்துகிறதா’ என்று கேட்கும், பக்கத்துப் புத்தகத்தை எட்டிப் பார்க்காது. டெம்ப்ளேட் (காலிபருக்குள் எழுதும் சிறு நிரல்) வழியாகச் சுற்றிப் போகலாம், பெரிய நூலகத்தில் மெதுவாகிவிடுகிறது. ஒரு பாகத்தை முடிக்கும்போதே அடுத்த பாகத்துக்கு விரும்பிய நாளை இட்டுவிடுவேன். அதுவே போதுமாக இருக்கிறது.

ஓலைநறுக்கு எழுதியது:

23-க்கு நான் சொல்கிறேன். நிறுத்தியதும் நடந்ததுதானே, அதற்கும் ஒரு தேதி கொடுங்கள். ‘#விட்டநாள்’. பாதியில் என்பதன் வரி இப்படி மாறும்:

#தொடங்கியநாள்:ட்ரூ அண்ட் #முடித்தநாள்:ஃபால்ஸ் அண்ட் #விட்டநாள்:ஃபால்ஸ்

‘விட்டவை’ என்று தனியாக ஒன்று, முடித்த நாள் வெறுமை, விட்ட நாள் உண்டு. கூட்டலில் இனி நான்கு. நான் விட்ட நூல்களுக்குக் குறிப்புப் பகுதியில் எந்த அத்தியாயத்தில் நிறுத்தினேன் என்றும் ஒரு வரி எழுதுவேன். நான்கு வருடம் கழித்து அப்படி ஒன்றை எடுத்து, அதே அத்தியாயத்திலிருந்து தொடர்ந்து முடித்திருக்கிறேன். அப்போது விட்ட நாளை அழித்துவிட்டேன்.

இரவுவாசகர் எழுதியது:

சரி, செய்துவிட்டேன். ஆறு நூல்களுக்கு விட்ட நாள் இட்டேன். ஏழாவதில் தேதியை இடப்போய் நிறுத்தியிருந்த பக்கத்தைத் திறந்தேன், நாற்பது பக்கம் ஓடிவிட்டது. அது பாதியிலேயே இருக்கட்டும். கூட்டிப் பார்த்தேன், 2,134. மொத்தமும் 2,134.